மூன்று கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம்?

கடந்த ஜனவரி மாதம், ஒரு விடுமுறைச் சனிக்கிழமை. எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் 32 பேரை, உரிய அனுமதி பெற்று, அருகிலுள்ள மலைக்கு அழைத்துச் சென்றோம். ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். உடன் வந்தவர்கள் உடற்கல்வி ஆசிரியர், அறிவியல் ஆசிரியை, கணித ஆசிரியனாகிய நான். காலையில் அடிவாரத்தில் நெகிழிக் குப்பைகளை அகற்றினோம். மதிய உணவுக்குப் பின் மலை உச்சிக்குப் போய்வருவது என்பது திட்டம்.

நேரத்தைக் கணக்கிடும் பொறுப்பு என்னுடையது. உச்சிக்குப் பாதை 4 கி.மீ. போய்வர 8 கி.மீ. பிள்ளைகள் என்பதால் மணிக்கு 5 கி.மீ. வேண்டாம், 4 கி.மீ. என்று வைத்துக்கொண்டேன். ஆக 2 மணி நேரம். மேலே அரை மணி நேரம். 2 மணிக்குக் கிளம்பினால் 4.30க்குத் திரும்பிவிடலாம் என்று பிள்ளைகளிடம் அறிவித்தேன்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி முன்வரிசையில் இருந்தாள். மலைக்கிராமத்திலிருந்து தினமும் நடந்து வருபவள். "மேல போய்ச் சேரவே நாலு மணி தாண்டிடும் சார்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "கணக்கு போட்டுத்தான் சொல்றேன்மா" என்றேன்.

உச்சியை அடைந்தபோது மணி 4.15. 4.45க்கு இறங்கத் தொடங்கினோம். ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு சூரியன் மறைந்தது. மரங்களுக்கிடையே இருள் இன்னும் சீக்கிரம் வந்துவிட்டது. கடைசி ஒரு கிலோமீட்டரை ஆசிரியர்கள் மூவரின் கைப்பேசி வெளிச்சத்தில், பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி கடந்தோம். அடிவாரம் வந்து தலைகளை எண்ணி முடித்தபோது மணி 6.35. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அங்கே காத்திருந்த பெற்றோர்களின் முகங்களை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

இரண்டரை மணி நேரம் என்று நான் சொன்னது நாலரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கணக்கு எங்கே தவறியது? அதைத் தேடிப் போனபோது தெரிந்துகொண்டவற்றையும், அதனால் என் வகுப்பறையில் மாறியதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தொலைவு மட்டும் போதாது

வேகம் = தொலைவு ÷ காலம். ஏழாம் வகுப்பு அறிவியலில் 'விசையும் இயக்கமும்' பாடத்தில் நாம் நடத்துவதுதான். சமவெளியில் நல்ல பாதையில் நடக்கும் வளர்ந்த ஒருவருக்கு மணிக்கு 5 கி.மீ. என்பது பொருத்தமான மதிப்பு. திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையை அந்த வேகத்தில் நிற்காமல் நடந்தால் 2 மணி 48 நிமிடம் ஆகும். பௌர்ணமி இரவில் அப்படி நடக்க முடியாது என்பது போனவர்களுக்குத் தெரியும். அங்கே நம் வேகத்தைத் தீர்மானிப்பது நம் கால்கள் அல்ல, கூட்டம்.

மலையில் தீர்மானிப்பது ஏற்றம். இதை ஒரு எளிய விதியாக்கியவர் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர். 1892ஆம் ஆண்டு அவர் தம் நாட்டு மலைகளில் ஒருநாள் நடந்தார். தொலைவு 10 மைல். மொத்தம் ஏறிய உயரம் 6,300 அடி. ஆன நேரம் ஆறரை மணி. இந்த அனுபவத்தை மலையேற்றக் கழக இதழில் எழுதியபோது, அதனுடன் பொருந்தும் ஒரு கணக்கையும் சேர்த்தார்: வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு 3 மைலுக்கும் ஒரு மணி நேரம், அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னும் ஒரு மணி நேரம்.

சரிபார்த்துப் பாருங்கள். 10 ÷ 3 = 3.33. 6,300 ÷ 2,000 = 3.15. கூட்டினால் 6.48 மணி. ஏறத்தாழ ஆறரை மணி நேரம்தான்.

இன்றைய அலகுகளில் இதை இப்படிச் சொல்கிறார்கள்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். ஏறும் 600 மீட்டருக்கு இன்னும் ஒரு மணி நேரம். அதாவது ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 10 நிமிடம். மனக்கணக்காகவே போடலாம். நூற்றாண்டைக் கடந்தும் இந்த விதி பயன்படுவதற்கு அந்த எளிமையே காரணம்.

இதிலிருந்து மாணவர்களே கண்டுபிடிக்கக்கூடிய ஓர் உண்மை உண்டு. 600 மீட்டர் ஏறும் நேரத்தில் சமதளத்தில் 5,000 மீட்டர் நடக்கலாம். அப்படியானால் ஒரு மீட்டர் மேலே ஏறுவது, நேரக் கணக்கில், ஏறக்குறைய 8 மீட்டர் நடப்பதற்குச் சமம்.

இந்த விதி யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். ஓரளவு உடல் தகுதியுள்ள வளர்ந்த ஆண்கள், குளிர்ந்த நாடு, எளிதான பயணம். பதினோரு வயதுப் பிள்ளைகளையும் நம் ஊர் வெயிலையும் நைஸ்மித் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஏறும்போது உடலில் நடப்பது

40 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவி 300 மீட்டர் ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யப்படும் வேலை 40 × 9.8 × 300 = 1,17,600 ஜூல். இது சுமார் 28 கிலோகலோரி. நம் தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே இயந்திர வேலையாக மாற்றுகின்றன. எனவே இதற்கு உடல் செலவிடுவது 110 கிலோகலோரிக்கு மேல். மீதி நான்கில் மூன்று பங்கு வெப்பமாகிறது. ஏறும்போது வியர்த்துக் கொட்டுவது இதனால்தான்.

காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வியர்வை எளிதில் ஆவியாகாது. உடல் குளிர்வதற்காகத் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்பப்படும். தசைக்கும் தோலுக்கும் சேர்த்து ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் வேகமாகத் துடிக்கும். அதே பாதையில், அதே ஆள், பிற்பகல் வெயிலில் காலை நேரத்தைவிட மெதுவாக நடப்பதன் காரணம் இதுவே. நாங்கள் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பியதும் ஒரு தவறுதான்.

இறங்குவது எப்போதும் சுலபமா?

என் கணக்கில் இருந்த இன்னொரு பிழை, 'ஏறும்போது தாமதமானாலும் இறங்கும்போது ஈடுகட்டிவிடலாம்' என்ற நினைப்பு. மெல்லிய சரிவில் அது உண்மை. செங்குத்தான சரிவில் அது பொய்.

செங்குத்தாக இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசைகள் நீண்டுகொண்டே சுருங்க முயல்கின்றன. அதாவது, பிரேக் போல வேலை செய்கின்றன. மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதன் விளைவு. கால் வைக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருப்பதால் வேகமும் குறைகிறது.

எரிக் லாங்மியூர் என்பவர் மலைப்பயணங்களை வழிநடத்துவோருக்கான கையேடு எழுதியவர். நைஸ்மித் விதியில் இறக்கத்துக்கான திருத்தத்தை அவர் சேர்த்தார். சரிவு 5 முதல் 12 பாகை வரை இருந்தால், இறங்கும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடத்தைக் கழிக்க வேண்டும். 12 பாகைக்கு மேல் என்றால், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடத்தைக் கூட்ட வேண்டும்.

அமெரிக்கப் புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993இல் இதையே ஒரு சமன்பாடாக்கினார். சுவிட்சர்லாந்தின் நிலப்பட வல்லுநர் எடுவார்ட் இம்ஹோஃப் தந்த தரவுகளை அவர் பயன்படுத்திக்கொண்டார். அந்தச் சமன்பாட்டில் மதிப்புகளைப் போட்டால் கிடைக்கும் வேகங்கள் இவை. இங்கே 10 சதவீதம் என்பது 100 மீட்டர் கிடைத் தொலைவுக்கு 10 மீட்டர் உயர வேறுபாடு.

ஏற்றம் 30 சதவீதம்: மணிக்கு 1.8 கி.மீ.
ஏற்றம் 20 சதவீதம்: மணிக்கு 2.5 கி.மீ.
ஏற்றம் 10 சதவீதம்: மணிக்கு 3.5 கி.மீ.
சமதளம்: மணிக்கு 5 கி.மீ.
இறக்கம் 5 சதவீதம்: மணிக்கு 6 கி.மீ.
இறக்கம் 10 சதவீதம்: மணிக்கு 5 கி.மீ.
இறக்கம் 20 சதவீதம்: மணிக்கு 3.5 கி.மீ.
இறக்கம் 30 சதவீதம்: மணிக்கு 2.5 கி.மீ.

இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டேன். மிக வேகமான நடை சமதளத்தில் இல்லை, மெல்லிய இறக்கத்தில் இருக்கிறது என்றான் ஒருவன். 20 சதவீத இறக்கமும் 10 சதவீத ஏற்றமும் ஒரே வேகம் என்றாள் இன்னொருத்தி. வரைபடத்தாளில் புள்ளிகளை வைத்து இணைத்தபோது, உச்சி நடுவில் இல்லாமல் சற்று இறக்கத்தின் பக்கம் ஒதுங்கிய கூம்பு போன்ற வடிவம் வந்தது.

பாதையே இல்லாத இடத்தில் நடந்தால் இந்த வேகங்களை 0.6 ஆல் பெருக்க வேண்டும் என்றும் டோப்ளர் குறிப்பிடுகிறார். உருளும் கல், வேர், சேறு, வழுக்குப் பாறை எல்லாம் வேகத்தைக் குறைப்பவைதான்.

ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: சதவீதமும் பாகையும் வேறு வேறு. 100 சதவீதச் சரிவு என்பது 90 பாகை அல்ல, 45 பாகை. 25 சதவீதச் சரிவு சுமார் 14 பாகை. பத்தாம் வகுப்பில் முக்கோணவியலும் ஆயத்தொலை வடிவியலில் சாய்வும் நடத்தும் ஆசிரியர்களுக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சின்னக் கால்கள்

பிள்ளைகள் நம்மைவிட மெதுவாக நடப்பது சோம்பலால் அல்ல. அதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. நடக்கும்போது கால் ஓரளவு ஊசல் போல ஆடுகிறது. ஊசலின் அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எடுத்து வைக்கும் அடியின் நீளமோ காலின் நீளத்தைப் பொறுத்தது. ஒன்றை மற்றதால் வகுத்தால், இயல்பான நடைவேகம் கால் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது.

பெரியவரின் கால் 90 செ.மீ., ஏழாம் வகுப்பு மாணவியின் கால் 72 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், விகிதம் 0.8. அதன் வர்க்கமூலம் சுமார் 0.9. நாம் மணிக்கு 5 கி.மீ. நடக்கும்போது அவளுடைய இயல்பான வேகம் 4.5 கி.மீ. கால் 60 செ.மீ. உள்ள தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு இது சுமார் 4 கி.மீ. நம்மோடு சேர்ந்து நடக்கும் குழந்தை இடையிடையே ஓடி ஓடி வருவதைப் பார்த்திருப்பீர்கள். நம் இயல்பான வேகம் அதற்கு இயல்பு அல்ல.

இதன் மேல் முதுகுச் சுமை. பையின் எடை மாணவரின் உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பை கொள்கை. ஏற்றத்தில் பையின் ஒவ்வொரு கிலோவையும் உடலோடு சேர்த்துத்தான் மேலே தூக்க வேண்டும். 4 கிலோ பையை 300 மீட்டர் உயர்த்த, உடல் செய்யும் வேலை மேற்சொன்ன கணக்கில் பத்தில் ஒரு பங்கு கூடும்.

கூட்டத்தின் வேகம்

32 பேர் சேர்ந்து நடக்கும்போது, குழுவின் வேகம் 32 பேரின் சராசரி அல்ல. கடைசியில் வருபவரின் வேகமே குழுவின் வேகம். முன்னால் போனவர்கள் காத்திருந்தாக வேண்டும். காத்திருந்தவர்கள் ஓய்வெடுத்துவிடுகிறார்கள். கடைசியாக வந்து சேர்ந்த பிள்ளை, வந்ததும் "கிளம்பலாமா?" என்ற குரலைத்தான் கேட்கிறது. அதிக ஓய்வு தேவைப்படுபவருக்கே ஓய்வு கிடைப்பதில்லை. அன்று நாங்கள் அதைத்தான் செய்தோம்.

இன்னொன்று, குறுகிய இடங்கள். பாதையின் நடுவே ஒரு பாறை இருந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டோம். ஒருவருக்கு அரை நிமிடம்தான். ஆனால் 32 பேருக்கு 16 நிமிடம். திரும்பும்போது இன்னொரு 16 நிமிடம்.

மீண்டும் போட்ட கணக்கு

திங்கட்கிழமை வகுப்பில் என் தவறான கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். "சார் தப்பாப் போட்ட கணக்கு இது. எங்கே தப்புன்னு கண்டுபிடிங்க" என்றேன். வகுப்பு அன்று காட்டிய உற்சாகத்தை வேறு எந்தப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை. படிப்படியாக நாங்கள் வந்து சேர்ந்த விடை இது.

ஏறுதல்: 4 கி.மீ.க்கு 48 நிமிடம். ஏற்றம் 450 மீட்டர், அதற்கு 45 நிமிடம். ஆக 93 நிமிடம்.

இறங்குதல்: 4 கி.மீ.க்கு 48 நிமிடம். அதில் 270 மீட்டர் உயரம் செங்குத்தான பகுதியில் இருக்கிறது, அதற்கு 9 நிமிடம். மீதிச் சரிவு 5 பாகைக்கும் குறைவு, திருத்தம் தேவையில்லை. ஆக 57 நிமிடம்.

மொத்தம் 150 நிமிடம். இது பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்காக 0.9 ஆல் வகுத்தால் 167 நிமிடம். நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் 10 நிமிட ஓய்வு என்றால் 28 நிமிடம். உச்சியில் 30 நிமிடம். கூட்டினால் 3 மணி 45 நிமிடம். பாறையில் காத்திருந்த 32 நிமிடத்தையும் சேர்த்தால் 4 மணி 17 நிமிடம். 2 மணிக்குக் கிளம்பினால் 6.17.

நாங்கள் வந்து சேர்ந்தது 6.35க்கு. மீதி 18 நிமிடம், இருட்டில் தடவித் தடவி நடந்ததற்கு. சரியான கணக்கை முன்பே போட்டிருந்தால் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பியே இருக்க மாட்டோம்.

அந்த மாணவியின் பாதை

கணக்கு முடிந்ததும் இன்னொரு கேள்வி என்னை உறுத்தியது. "நாலு மணி தாண்டிடும்" என்று சரியாகச் சொன்ன அந்த மாணவி, எந்தச் சூத்திரமும் இல்லாமல் எப்படிச் சொன்னாள்? கேட்டேன். "எங்க ஊரு ஏத்தம் மாதிரியே இருந்துச்சு சார்" என்றாள்.

அவள் வாரத்தில் மூன்று நாளாவது தாமதமாக வருபவள். 9.15க்கு இறைவணக்கம். அவள் வருவது 9.25க்கு. வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நானே அவளிடம் கேட்டிருக்கிறேன்: "எத்தனை மணிக்குமா கிளம்புற?" "எட்டரைக்கு சார்." "எவ்வளவு தூரம்?" "மூணு கிலோமீட்டர்." மூன்று கிலோமீட்டருக்கு 36 நிமிடம், 9.06க்கு வந்திருக்க வேண்டும். வழியில் விளையாடிவிட்டு வருகிறாள் என்று முடிவுகட்டி, பல நாள் வகுப்பு வாசலில் நிறுத்தியும் இருக்கிறேன்.

அடுத்த வாரம் அவள் தந்தையோடு அந்தப் பாதையில் நடந்தேன். மொத்தம் 3 கி.மீ. உண்மைதான். அதில் 1.2 கி.மீ. பகுதி 300 மீட்டர் உயரம் கொண்டது. 25 சதவீதச் சரிவு, 14 பாகை. காலையில் இறங்கி வரப் பெரியவருக்கே 36 + 10 = 46 நிமிடம். அவளுக்கு 51 நிமிடம். பையும் பனி ஈரமும் சேர்ந்தால் 55 நிமிடம். எட்டரையோடு கூட்டிப் பாருங்கள்: 9.25.

மாலையில் ஏறும்போது 36 + 30 = 66 நிமிடம். அவளுடைய நடையில் 73 நிமிடம். எனக்கு அன்று ஒரு மணி 25 நிமிடம் ஆனது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கிற பிள்ளையை, 10 நிமிடத்துக்காக நான் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். பனி விலகி, ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்த பிறகே கிளம்ப வேண்டும் என்பது அந்த ஊரின் வழக்கம். தனியாக முன்பே கிளம்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்துக்கான 2010ஆம் ஆண்டின் மத்திய விதிகள் தொடக்க வகுப்புகளுக்கு 1 கி.மீ., ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 3 கி.மீ. என்ற நடைதூரத்தை வரையறுக்கின்றன. கடினமான நிலப்பகுதிகளில் இந்தத் தொலைவைக் குறைத்துக்கொள்ளவும் அதே விதிகள் வழிசெய்கின்றன. சட்டம் எழுதியவர்களுக்கு மலை நினைவில் இருந்திருக்கிறது. வகுப்பறையில் நான்தான் மறந்திருக்கிறேன்.

தலைமையாசிரியரிடம் நிமிடக் கணக்கோடு பேசினேன். மலைக்கிராமப் பிள்ளைகள் ஏழு பேருக்கு முதல் 15 நிமிடம் தாமதமாகக் கருதப்படுவதில்லை. மாலைச் சிறப்பு வகுப்பிலிருந்து அவர்களை முன்கூட்டியே அனுப்புகிறோம். விடுபடும் பகுதியை மதிய இடைவேளையில் சொல்லிக்கொடுக்கிறோம். போக்குவரத்து, வழிக்காவலர் வசதி கேட்டு, கிலோமீட்டரோடு ஏற்ற இறக்கத்தையும் நிமிடங்களையும் குறிப்பிட்டு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறோம்.

வகுப்பில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளுக்கு: பிள்ளைகள் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடக்கும் நேரத்தைக் குறித்து வரட்டும். நடுவில் பள்ளியை வரைந்து, 10, 20, 30 நிமிட வட்டங்களில் அவரவர் வீட்டை ஒட்டச் சொல்லுங்கள். தொலைவில் இருக்கும் வீடு நேரத்தில் அருகிலும், அருகில் இருக்கும் வீடு நேரத்தில் தொலைவிலும் வருவதைப் பார்ப்பார்கள். பாலம் இல்லாத ஓடை, சுற்றிவர வேண்டிய ரயில் பாதை போன்ற காரணங்களை அவர்களே சொல்வார்கள். 24 நிமிடம் கொண்ட ஒரு நாழிகையில் நடக்கும் தூரத்தை 'நாழிகைவழி' என்று நம் முன்னோர் அழைத்ததையும் இங்கே சொல்லலாம்.

ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு: ஏறும்போது மணிக்கு 3 கி.மீ., இறங்கும்போது 6 கி.மீ. சராசரி வேகம் என்ன? பெரும்பாலோர் 4.5 என்பார்கள். 6 கி.மீ. பாதை என்று எடுத்துக்கொண்டால், ஏற 2 மணி, இறங்க 1 மணி. 12 ÷ 3 = 4 கி.மீ. மெதுவான பகுதியில் அதிக நேரம் கழிகிறது என்பதை இந்த ஒரு கணக்கு புரியவைத்துவிடும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு: 1:50,000 அளவுள்ள நிலத்தோற்ற வரைபடத்தில் சம உயரக் கோடுகளை எண்ணி ஒரு பாதையின் ஏற்றத்தைக் கண்டுபிடித்து, நைஸ்மித் விதியால் நேரத்தை மதிப்பிடலாம். கோடுகள் நெருங்கினால் சரிவு அதிகம் என்பதைப் படித்ததோடு நிற்காமல், எத்தனை நிமிடம் அதிகம் என்றும் சொல்ல முடியும். பள்ளி மாடிப்படியின் உயரத்தை அளந்து, ஏறும்போது செய்யும் வேலையையும் திறனையும் கணக்கிடலாம். இதைப் போட்டியாக்க வேண்டாம். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைகள் நேரம் குறிப்பவர்களாக இருக்கட்டும்.

பயணம் அழைத்துச் செல்வோர் கவனத்துக்கு

கிளம்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் மிச்சம் இருக்க வேண்டும்.

மெதுவாக நடக்கும் பிள்ளையை வரிசையின் முன்னால் விடுங்கள். கடைசியில் ஓர் ஆசிரியர் கட்டாயம் வர வேண்டும். கடைசிப் பிள்ளை வந்து உட்கார்ந்த பிறகே ஓய்வு நேரம் தொடங்குகிறது.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம். வாய் திறக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள்.

பாதி நேரம் அல்ல, திரும்பும் நேரம் என்று ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மணி அடித்ததும், உச்சி கண்ணெதிரே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

கடைசியாக, கிளம்பும் முன் உள்ளூர்ப் பிள்ளைகளிடம் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். அவர்கள் சொல்லும் விடையைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்.

இப்போதும் சில நாள் அந்த மாணவி 9.25க்கு வருகிறாள். உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கணக்கு நோட்டைத் திறக்கிறாள். வருகைப் பதிவேட்டில் நான் எதுவும் எழுதுவதில்லை.